பிள்ளைகளின் கடைவாய்ப்பல்லும் சிராவகர் இல்லமும்



ஏறத்தாழ ஆறு வயதில் குழந்தையின் வாயில் ஒரு பல் ஓசையின்றி முளைக்கிறது. பாற்பல் எதுவும் விழாமல், அவ்வரிசைக்குப் பின்னால் வருவதால் அதனையும் பாற்பல் என்றே பல இல்லங்களில் எண்ணிவிடுகின்றனர். அதுவே நிலைத்த முதற் கடைவாய்ப்பல். இழந்தால் மீண்டும் முளையாதது. அதன் மெல்லும் பரப்பிலுள்ள பள்ளங்களுள் பல்துலக்கியின் இழையும் நுழையாது. பள்ளிப் பருவத்துச் சொத்தை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. பொழுது சாய்ந்தபின் உண்ணாத நம் வழக்கம் பல்லுக்கும் துணைதான். ஆயினும் பகலெல்லாம் மிட்டாய் சுவைக்கும் பிள்ளைக்கு அத்துணை மட்டும் போதாது.

அப்பள்ளங்களை முன்கூட்டியே அடைத்துவிடுவது சீலன்ட் முறை. எனாமலை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கினால் பிசின் உறுதியாகப் பற்றும் என்று 1955-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனகோர் காட்டியதே இதற்கு வித்தாயிற்று. ஊசியும் இல்லை, துளையிடலும் இல்லை. இதில் இருவகை உண்டு. செயற்கைப் பிசின் நெடுநாள் நிற்கும். ஆனால் பூசும்போது எச்சில் ஒரு துளி பட்டாலும் பிடிப்புக் கெடும். கிளாஸ் அயனோமர் ஈரத்தை ஓரளவு பொறுக்கும். விரைவில் உதிர்ந்தும் போகும். ஆகவே பாதி முளைத்த பல்லுக்கும் வாயைத் திறந்து வைத்திருக்க இயலாத பிள்ளைக்கும் பின்னதே ஏற்றது.

மூன்றாவதாக ஃபுளோரைடு வார்னிஷ். ஆறு மாதத்திற்கு ஒருமுறை தூரிகையால் பூசுவது. இது சீலன்டுக்கு ஈடாகுமா என்று பிரிட்டனின் தெற்கு வேல்ஸ் பகுதியில் 6, 7 வயதுப் பள்ளிக் குழந்தைகள் ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து ஆராய்ந்து, 2017-இல் முடிவை வெளியிட்டனர். மூன்றாண்டு கழித்து, முதற் கடைவாய்ப்பல்லில் ஆழ்ந்த சொத்தை கண்டவர் சீலன்ட் பிரிவில் நூற்றுக்கு 19.6, வார்னிஷ் பிரிவில் 17.5. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. செலவு வார்னிஷுக்குக் குறைவு.

பயனில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றென்றால் எதைத் தேர்வது? பிறருக்குச் செலவுக் கணக்கோடு முடியும் இக்கேள்வி சிராவகர் இல்லத்தில் அங்கே முடிவதில்லை. பல நாடுகளில் வழங்கும் டியூராபேட் என்னும் வார்னிஷின் கலவையில் எரிசாராயம், தேன்மெழுகு, அரக்குப் பூச்சியிடமிருந்து பெறும் ஷெல்லாக் ஆகிய மூன்றும் உள்ளன. கள், ஊன், தேன் விலக்குதலை அறத்தின் முதற்படியாகக் கொண்ட குடும்பம் இதனை அறியாமலே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவது முறையன்று. ஒரு குழந்தைக்குப் பூசுவது அரை மில்லிலிட்டருக்கும் குறைவே. மருந்தென்று ஏற்பாரும் உளர். அது அவரவர் உள்ளம் தெளிய வேண்டியது. ஆனால் வார்னிஷை மறுத்துவிட்டுப் பல்லை வாளா விடுவது மட்டும் பொருந்தாது. சொத்தையின் நோவைத் தாங்குவதும் ஓர் உயிரே. பிசின் சீலன்ட் இருக்கிறது. வேறு கலவையிலான வார்னிஷ்களும் உள்ளன.

பள்ளியில் பல் மருத்துவ முகாம் நடக்குமுன், பூசப்போவது எது, அதன் கலவை யாது என்று கேட்டு, பெட்டியிலுள்ள தாளைப் படித்துப் பார்க்கலாம், கூச்சம் வேண்டியதில்லை. சீலன்ட் இட்டபின் ஆறு மாதத்திற்கு ஒருமுறை அது உதிர்ந்துள்ளதா என்று காட்டிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதளவில் இரண்டாம் கடைவாய்ப்பல் முளைக்கும். அப்போது இதே கேள்வி மீண்டும் எழும்.