நடிக்கிறான்னு சொன்னாங்க

இன்னிக்கு ஒரு அப்பா தன் பையனுக்காக எழுதின மருத்துவக் கட்டுரையைப் பத்திப் பேசலாம்.

வட ஜெர்மனியில கப்பெல்ன் என்ற ஊர்ல டாக்டரா இருந்தவர் யூலியுஸ் தாம்சன். அவர் பையன் பிரஷ்ய ராணுவத்துக்குப் போகாம இருக்க நடிக்கிறான்னு சந்தேகப்பட்டாங்க. அப்பாவுக்கும் அதே தசை விறைப்புதான். தன் உடம்பையும், பல தலைமுறையா சொந்தத்துல இருந்ததையும் 1876ல எழுதி வெளியிட்டார். தாம்சன் நோய்னு பேரே வந்துடுச்சு.

தசை சுருங்கினதும் மறுபடி அமைதியாக குளோரைடு ஓட்டம் வேணும். அதுக்கான ஜீன்ல பிழை. அதனால நாம நிறுத்தினாலும் தசை நிறுத்தாது. இறுக்கிப் பிடிச்ச கையை உடனே விட முடியாது. எழுந்ததும் கால் மரக்கட்டை. ஆனா நாலு தடவை அசைச்சா இளகிடும். எங்க ஆபீஸ் பாஷையில, கோல்டு ஸ்டார்ட் பிரச்சினை. உடம்பும் பல பேருக்கு ஜிம் பாடி மாதிரி இருக்கும். அப்புறம் யார் நம்புவாங்க?

இந்த வகையில பெற்றோர்ல ஒருத்தருக்கு இருந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மெக்ஸிலெட்டின் மாத்திரை விறைப்பைக் குறைக்கும். ஒண்ணு முக்கியம்: ஆபரேஷன்னா மயக்க மருந்து டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. சில மருந்துல தாடை இறுகிடும்.