குறுந்தூர அடியின் நுட்பம்

நம் சங்ககிரித் தெருக்களில் கோலி ஆடும் சிறுவனைக் கவனித்திருப்பீர்கள். குழி அண்மையிலிருப்பின் விரலைச் சிறிதே பின்வளைக்கிறான். சேய்மையிலிருப்பின் மிகுதியாக வளைக்கிறான். கோல்ஃப் ஆட்டத்தின் குறுந்தூர அடிக்கும் இதுவே இலக்கணம்.

ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அவற்றுள் முகம் மிகவும் சாய்ந்த இரும்பு மட்டைக்கு ‘வெட்ஜ்’ என்று பெயர். பந்தை உயரக் கிளப்பிக் குழியருகே மெல்ல இறக்குவது அதன் பணி. இதில் புதியோர் செய்யும் பிழை யாது? மட்டையை நெடிது ஓங்கிவிட்டு, தூரம் மிகுந்துவிடுமோ என்றஞ்சிப் பந்தை அணுகுகையில் வேகத்தைக் குறைப்பதே. அப்போது மட்டை தரையில் இடறும். பந்து பாதிவழியில் நின்றுவிடும்.

ஆகவே, ஓங்கும் அளவை மாற்றுக. வீச்சின் தாளத்தை மாற்றற்க. இடுப்பு, மார்பு, தோள் என மூன்று உயரங்களுக்கு ஓங்கிப் பழகி, ஒவ்வொன்றிலும் பந்து சென்ற தூரத்தைக் குறித்து வைத்தல் நலம். உடற்பாரம் இலக்கை நோக்கிய காலில் சற்று மிகுந்திருக்கட்டும். மட்டை முதலில் பந்தையும் பின்னர்ப் புல்லையும் தொடட்டும்.

குறைந்த அடிகளில் முடித்தவரே வெல்லும் ஆட்டம் இது. 2021ஆம் ஆண்டு நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் நான்கு சுற்றுகளை 269 அடிகளில் முடித்து நான்காம் இடம் பெற்றார். நெடுந்தூர அடியில் அவரை விஞ்சியோர் பலர். குழியருகே காட்டிய துல்லியமே அவரை உயர்த்தியது. 268 அடிகளில் முடித்த இருவருக்கு வெள்ளியும் வெண்கலமும் கிட்டின. ஓரடியின் மதிப்பு அத்தகையது!

வன்மையினும் அளவே பெரிது.