பள்ளிக் குழுவும் பெற்றோர் பொறுப்பும்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏரிக்கரையில் உடைப்பு ஏற்பட்டால் நாம் பிறரை எதிர்பார்த்து நிற்பதில்லை, மண்வெட்டியுடன் ஓடுகிறோம். ஏரி ஊருடையது என்ற எண்ணம் நம் உள்ளத்தில் ஊறியிருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகினால், ‘அது சர்க்கார் பள்ளி; அவர்கள் பார்த்துக் கொள்வார்கள்’ என்று இருந்து விடுகிறோம். இந்த எண்ணம் மாறவேண்டும் என்பதே நாம் இன்று கூற விரும்புவது.

இது நமக்குப் புதிய பாதை அன்று. 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், திரு. நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வித் துறையின் தலைமையில் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. கரும்பலகையும் பெஞ்சும் நிலமும் கட்டடமும் ஊர் மக்கள் மனமுவந்து அளித்தார்கள். அன்று பெற்றோர் கொடையாளராக நின்றனர். இன்று சட்டமே அவர்களைப் பொறுப்பாளராக ஆக்கியிருக்கிறது.

குழுவின் அமைப்பு

2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 1-4-2010 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆவது பிரிவின்படி அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருத்தல் வேண்டும். 20 பேர் கொண்ட குழுவாயின் 15 பேர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் குழந்தைகள் பள்ளியில் எந்த விகிதத்தில் பயில்கிறார்களோ, அந்த விகிதத்தில் அவர்களுடைய பெற்றோருக்கும் இடம் உண்டு. ஆகவே காலனித் தெருப் பிள்ளைகள் பாதியளவு பயிலும் பள்ளியில், அத்தெருவிலிருந்து பெயருக்கு ஒருவரை அமர்த்துவது சட்டத்திற்கும் நியாயத்திற்கும் பொருந்தாது.

2010ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள் தலைவரைப் பெற்றோரிலிருந்தே தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. தலைமை ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவர். பஞ்சாயத்து உறுப்பினர் துணை நிற்பவர். அவருடைய இடம் தலைமை இடம் அன்று. இதனை நாம் மனமார ஏற்க வேண்டும்.

மூன்று கடமைகள்

முதலாவது, பள்ளி நடைபெறும் முறையைக் கண்காணித்தல். ஆசிரியர் உரிய நேரத்தில் வருதல், பாடத்தை முடித்தல், குழந்தையின் வருகையையும் முன்னேற்றத்தையும் பெற்றோருக்குத் தெரிவித்தல் ஆகியவை சட்டம் ஆசிரியருக்கு விதித்த கடமைகள். குழந்தையை அடித்தலும், ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துதலும் தடுக்கப்பட்டவை. இவற்றைப் பற்றிக் கேட்கும் உரிமை குழுவிற்கு உண்டு. ஆனால் ஆசிரியரை அதட்டவோ தண்டிக்கவோ அதற்கு அதிகாரம் இல்லை. குறை இருப்பின் கூட்டத்தில் பேசி, தீர்மானமாக எழுதி, மேலதிகாரிக்கு அனுப்புவதே முறை. மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு பிற பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்றும் சட்டம் கூறுகிறது. ஆசிரியருக்கு அவ்வகையில் தொல்லை நேர்ந்தால் அவருக்காகப் பேச வேண்டியதும் குழுவே.

இரண்டாவது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரித்தல். விதைப்புக்கு முன் விதையையும் எருவையும் கணக்கிடுகிறோம் அல்லவா? அதுபோல் மூன்றாண்டுகளுக்கு எத்தனை குழந்தைகள் சேர்வார்கள், எத்தனை ஆசிரியர் தேவை, எவ்வெவ்வசதி குறைகிறது, என்ன செலவாகும் என்று எழுத வேண்டும். தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 ஆசிரியர் என்பது சட்டத்தின் அட்டவணை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பிடம், நல்ல குடிநீர், சமையலறை, விளையாட்டிடம், சுற்றுச்சுவர் ஆகியவையும் அதில் உள்ளன. இத்திட்டத்தையே அடிப்படையாகக் கொண்டு மானியம் வழங்கப்பட வேண்டும் என்கிறது 22ஆவது பிரிவு. நாம் எழுதிக் கேளாத கழிப்பிடம் வாராது போனால், பருவமடைந்த பெண் குழந்தை பள்ளியை விட்டு நின்றுவிடக்கூடும். அந்த இழப்பை எந்த மானியமும் பின்னர் ஈடு செய்யாது.

மூன்றாவது, மானியம் செலவாகும் விதத்தைப் பார்த்தல். குழு பெறும் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை நடைபெற வேண்டும் என்பது மாதிரி விதி. வேலையைத் தம் உறவினருக்கே வாங்கித் தர நினைப்பவர் குழுவில் இருக்கத் தகுதியற்றவர்.

உதவி பெறும் பள்ளிகள்

ஒரு வேறுபாட்டை நினைவிற் கொள்ள வேண்டும். 2012ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் ஏனைய உதவி பெறும் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை கூறும் பணியை மட்டுமே செய்யும். அங்கே கட்டளையிடுவது வரம்பு மீறல். ஆனால் அறிந்து, ஆய்ந்து, எழுத்தில் தரும் ஆலோசனையை எளிதில் ஒதுக்கிவிட எவராலும் இயலாது.

செய்ய வேண்டியவை

மாதம் ஒரு முறையேனும் குழு கூட வேண்டும். நடவடிக்கைக் குறிப்பு பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்க வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் தாய்மார் பகல் 11 மணிக்கு வருவது எங்ஙனம்? ஒரு நாள் கூலியை இழந்து வரச் சொல்வது நியாயமாகாது. அவர்களுக்கு ஏற்ற வேளையைக் கேட்டறிந்து கூட்டத்தை வைப்போம். எழுதப் படிக்க அறியாத உறுப்பினர் இருப்பின், தீர்மானத்தை உரக்கப் படித்துக் காட்டிய பின்னரே கையொப்பமோ கைநாட்டோ பெறுவோம். வெற்றுத் தாளில் இட்ட கையொப்பம் நம் குழந்தையின் உரிமையை நாமே விட்டுக் கொடுத்ததாகும்.

குழந்தையின் உரிமைக்குக் குறை நேர்ந்தால், 32ஆவது பிரிவின்படி உரிய உள்ளாட்சி அதிகார அமைப்பிடம் எவரும் எழுத்து மூலம் முறையிடலாம்; அவ்வமைப்பு 3 மாதத்திற்குள் முடிவு கூற வேண்டும்.

அன்பர்களே! அடுத்த கூட்டத்திற்குச் செல்லும்போது மூன்று வினாக்களை உடன் கொண்டு செல்வோம்: சென்ற மாதத் தீர்மானம் என்னவாயிற்று? வந்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு? பள்ளிக்கு வாராத குழந்தை யார், ஏன் வரவில்லை? இவற்றைப் பணிவாகவும் உறுதியாகவும் மாதந்தோறும் கேட்கும் ஊரில் பள்ளி தழைக்கும். பள்ளி தழைத்தால் ஊரும் உயரும்.