கழுவக் கழுவத் தீராத பயம்



காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகிறோம். சர்க்கரை நோய் வந்தால் மாத்திரை சாப்பிடுகிறோம். மனசுக்கு நோய் வந்தால் என்ன செய்கிறோம்? மூடி மறைக்கிறோம். அப்படி மறைக்கப்படும் ஒரு நோயைப் பற்றியதுதான் இந்தப் பேச்சு. அதன் பெயர் எண்ணச் சுழற்சி நோய். டாக்டர்கள் இதை ஓ.சி.டி. என்று சொல்வார்கள்.

நோய் எப்படி இருக்கும்?

தாராவியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரம்தான். டிரம்மில் பிடித்து வைத்தால்தான் மறுநாள் வரைக்கும் ஓடும். அந்த வீட்டு அம்மா பொதுக் கழிப்பறைக்குப் போய் வருகிறார். கை கழுவுகிறார். "இன்னும் அழுக்கு இருக்கிறதோ?" என்று ஓர் எண்ணம் வருகிறது. மறுபடியும் கழுவுகிறார். இப்படி 20 முறை, 30 முறை. டிரம் காலி. சமைக்கத் தண்ணீர் இல்லை. வீட்டில் சண்டை. அவர் கையோ தோல் உரிந்து எரிகிறது.

மாட்டுங்காவில் ஒரு பெரியவர். பூஜையில் 108 முறை மந்திரம் சொல்கிறார். "நடுவில் ஒன்று விட்டுப் போச்சோ?" என்று சந்தேகம். முதலிலிருந்து தொடங்குகிறார். காலைப் பூஜை முடிய மதியம் ஆகிறது.

செம்பூரில் ஓர் இளைஞர். கதவைப் பூட்டிவிட்டுப் படி இறங்குகிறார். "கேஸை அணைத்தோமா?" என்று திரும்பி ஏறுகிறார். பார்க்கிறார். அணைந்துதான் இருக்கிறது. மறுபடியும் இறங்குகிறார், மறுபடியும் ஏறுகிறார். ரயிலும் போகிறது, வேலையும் போகிறது.

இன்னொரு வகையும் உண்டு. அதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. குழந்தை பெற்ற ஒரு தாய். "இந்தப் பிள்ளையை நானே ஏதாவது செய்துவிடுவேனோ?" என்று திடீரென்று ஓர் எண்ணம். வீட்டில் உள்ள கத்தியை எல்லாம் ஒளித்து வைக்கிறார். பிள்ளையைத் தூக்கவே நடுங்குகிறார். அவர் கெட்ட தாய் அல்ல. பிள்ளை மேல் உள்ள பாசத்தால்தான் அந்த எண்ணத்தைக் கண்டு அப்படிப் பயப்படுகிறார். இதுவும் இந்த நோய்தான்.

சுத்தமாக இருப்பது நோயா?

இல்லை. 2020-ல் கொரோனா வந்தபோது எல்லோரும் அடிக்கடி கை கழுவினோம். அது நோய் அல்ல. 20 விநாடி சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்றார்கள். கழுவினோம், வேலையைப் பார்த்தோம்.

மடி, ஆசாரம் பார்ப்பதும் நோய் அல்ல. பூஜை முடிந்தால் மனசு நிறையும். நோயில் மனசு நிறைவதே இல்லை. வேண்டாத எண்ணம் வந்துகொண்டே இருக்கும். "இது அதிகம்" என்று அவருக்கே தெரியும். ஆனாலும் நிறுத்த முடியாது. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகிறதா? வேலையும் குடும்பமும் கெடுகிறதா? அப்படியானால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஏன் வருகிறது?

செய்வினையால் வருவது அல்ல. பாவத்தின் சம்பளமும் அல்ல. வளர்த்த விதம் தவறு என்பதும் இல்லை. மூளையில் ஆபத்தைச் சொல்லும் ஒரு மணி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்தால் அது அடிக்க வேண்டும். இந்த நோயில் தீ இல்லாமலே அடிக்கிறது. சில குடும்பங்களில் இது வழிவழியாக வருவதும் உண்டு. பலருக்கு இளம் வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

பயத்துக்குத் தீனி

முக்கியமான விஷயம் இதுதான். கை கழுவினால் பயம் குறைகிறது. ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். "கழுவியதால்தான் தப்பித்தேன்" என்று மூளை படித்துக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் பலமாக வருகிறது. தெரு நாய்க்குத் தினமும் சோறு வைத்தால் என்ன ஆகும்? தினமும் வாசலில் வந்து நிற்கும். கழுவுவதும், திரும்பத் திரும்பப் பார்ப்பதும் பயத்துக்கு வைக்கும் சோறு.

முதல் வழி: பயிற்சி

ஒரு காலத்தில் இந்த நோய்க்கு மருந்தே இல்லை என்று நினைத்தார்கள். விக்டர் மேயர் என்ற உளவியல் அறிஞர் லண்டன் மருத்துவமனை ஒன்றில் புது முறையைச் செய்து பார்த்தார். நோயாளிகள் பயந்த பொருள்களைத் தொடச் செய்தார். அதன் பிறகு கழுவாமல் இருக்கத் துணை நின்றார். பயம் தானாகவே இறங்கியது. 1966-ல் இதை அவர் எழுதி வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் இதுவே சிறந்த பயிற்சியாக இருக்கிறது.

எப்படிச் செய்வார்கள்? பயங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுவார்கள். சின்ன பயம் கீழ்ப்படி. பெரிய பயம் மேல்படி. கீழ்ப்படியிலிருந்துதான் ஏற வேண்டும். முதல் நாள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் தொட வேண்டும். தொட்ட பிறகு 10 நிமிடம் கழுவக் கூடாது. நெஞ்சு படபடக்கும். பரவாயில்லை. காத்திருந்தால் படபடப்பு இறங்கும். நாளைக்கு அரை மணி நேரம். திரும்பத் திரும்பச் செய்தால் பயம் சிறிதாகும். பெரும்பாலும் வாரம் ஒரு முறை, 12 முதல் 20 முறை வரை பயிற்சிக்குப் போக வேண்டியிருக்கும். வீட்டிலும் தினமும் செய்ய வேண்டும்.

சாப்பிடும் முன்பும், கழிப்பறை போன பின்பும் எல்லோரும் கழுவுவது போல ஒரு முறை கழுவலாம். அதைத் தடுப்பது பயிற்சி அல்ல.

இரண்டாம் வழி: மாத்திரை

ஃபுளூவாக்ஸமின், செர்ட்ராலின், ஃபுளூவோக்செட்டின் போன்ற மாத்திரைகளை மனநல மருத்துவர் தருவார். குளோமிப்ரமின் என்ற பழைய மருந்தும் உண்டு. இவை தூக்க மாத்திரைகள் அல்ல. போதைப் பழக்கம் போல ஆகிவிடாது.

தலைவலி மாத்திரை போல உடனே கேட்காது. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். முதல் சில நாட்களில் குமட்டல், தலைவலி, தூக்கக் கெடுதல் வரலாம். டாக்டரிடம் சொல்லுங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் அன்றே சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுத்தாலும் முன்பே சொல்லுங்கள்.

குணமானதும் மாத்திரையைத் தூக்கிப் போடக் கூடாது. ஓராண்டு, இரண்டாண்டு சாப்பிட வேண்டியிருக்கும். பிறகு டாக்டரே மெல்ல மெல்லக் குறைப்பார்.

நோய் லேசாக இருந்தால் பயிற்சி மட்டும் போதலாம். கடுமையாக இருந்தால் இரண்டும் சேர்ந்தால் நல்லது. முதல் மாத்திரை கேட்கவில்லை என்றால் வேறு மாத்திரை உண்டு. "கரண்ட் வைப்பார்களோ?" என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்த நோய்க்கு வழக்கமான சிகிச்சை அது அல்ல.

வீட்டார் என்ன செய்ய வேண்டும்?

திட்டக் கூடாது. அடிக்கக் கூடாது. குழாயைப் பிடுங்கி அடைக்கவும் கூடாது. பயிற்சி என்பது நோயாளி சம்மதித்துச் செய்வது.

அதே சமயம் நோய்க்குத் துணை போகவும் கூடாது. "கை சுத்தமாச்சா?" என்று பத்து முறை கேட்டால் பத்து முறையும் பதில் சொல்ல வேண்டாம். "அக்கா, இது நோய் கேட்கும் கேள்வி. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம். நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொல்லலாம். பத்து முறை கழுவியவர் இன்று எட்டு முறை கழுவினால் பாராட்டுங்கள்.

எங்கே போவது?

தாராவிக்குப் பக்கத்தில் சயான் மருத்துவமனை இருக்கிறது. அதன் முழுப் பெயர் லோக்மான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு உண்டு. மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் போகலாம். பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் கேஸ் பேப்பர் எடுங்கள். மராத்தியோ இந்தியோ சரியாக வராது என்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். என்ன எண்ணம் வருகிறது, எத்தனை முறை செய்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எழுதக் கற்றது இதற்கும் உதவும்.

மாத்திரை எழுதித் தருபவர் மனநல மருத்துவர். பயிற்சி தருபவர் பெரும்பாலும் உளவியலாளர். "பயிற்சியும் கிடைக்குமா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

போனிலும் கேட்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022-ல் தொடங்கியது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். காசு கிடையாது. தமிழிலும் பேசலாம்.

2017-ல் வந்த மனநலச் சட்டம் ஒன்று இருக்கிறது. அரசு நடத்தும் அல்லது அரசு பணம் தரும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவது எல்லோருக்கும் உரிமை என்று அது சொல்கிறது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

நண்பர்களே! 100 பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இந்த நோய் வருகிறது. அப்படியானால் ஒவ்வொரு சாலிலும் ஒருவர் இருக்கலாம். அவரைப் பைத்தியம் என்று சொல்லாதீர்கள். இது நோய் என்று சொல்லுங்கள். சிகிச்சை உண்டு என்று சொல்லுங்கள். முதல் நாள் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள்.