மறுபடியும் கேட்பது குற்றமா?

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் ஸ்காட்லாந்து தேசத்து விஷயமாகப் பேசப்போகிறேன் என்று நோட்டீசில் கண்டதும், "நம் ஊர்க் குளத்தில் தண்ணீர் இல்லை, இவர் சீமைக் கதை பேச வருகிறார்" என்று சில தோழர்கள் சொல்லிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் கேட்பது நியாயமே. என்றாலும், அந்தத் தேசத்து வழக்கில் ஒரு கட்சியார் சொல்லும் வாதம், நம் இயக்கம் பிறந்த நாள் முதல் எதிர்த்து வருகிற வாதமாயிருக்கிறது. "ஒரு தடவை முடிவாகிவிட்டது; இனி எவனும் வாயைத் திறக்கக்கூடாது" என்பதே அது. சாஸ்திரமும் இதைத்தான் சொல்லிற்று. புரோகிதனும் இதைத்தான் சொன்னான். இப்போது மந்திரிகள் சொல்லுகிறார்கள். ஆகையால்தான் பேச வந்தேன்.

முதலில் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் தனித்தனி ராஜ்யங்களாய் இருந்தவை. 1603 முதல் இரண்டுக்கும் ஒரே ராஜா. 1707 மே 1-ந் தேதி முதல் ஒரே பார்லிமெண்டு. இந்த இணைப்பைப் பற்றி ஸ்காட்லாந்துக் குடியானவனையும் நெசவுக்காரனையும் ஒருவரும் கேட்கவில்லை. பிரபுக்களும் செல்வந்தர்களும் நிறைந்த சபை ஒப்புக்கொண்டது. வெளியே எடின்பரோ வீதிகளில் ஜனங்கள் எதிர்த்துக் கலகம் செய்தார்கள். ஜனங்களை முதன்முதலாகக் கேட்டது 307 வருஷம் கழித்து, 2014 செப்டம்பர் 18-ந் தேதியில்தான்.

"ஸ்காட்லாந்து ஒரு தனி நாடாக இருக்க வேண்டுமா?" என்பது ஒரே கேள்வி. 16 வயதானவர்களுக்கும் ஓட்டுக் கொடுத்தார்கள். ஓட்டர்களில் 100-க்கு 84 பேருக்கு மேல் வந்து ஓட்டுப் போட்டார்கள். வேண்டாம் என்றவர்கள் 20 லட்சத்துச் சொச்சம். வேண்டும் என்றவர்கள் 16 லட்சத்துச் சொச்சம். அதாவது 100-க்கு 55 பேர் ஒரு பக்கம், 45 பேர் ஒரு பக்கம். தோற்றவர்கள் தோல்வியை ஒப்புக்கொண்டார்கள். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு தேசத்தின் தலைவிதி என்று சொல்லப்படுவதைப் பெட்டியில் சீட்டுப் போட்டுத் தீர்த்துக்கொண்டதற்காக இரு கட்சியாரையும் நாம் பாராட்ட வேண்டும்.

நிற்க, அப்போது "வேண்டாம்" கட்சியார் செய்த பிரசாரங்களில் ஒன்று என்னவென்றால், "பிரிட்டனை விட்டுப் பிரிந்தால் ஐரோப்பிய யூனியனை விட்டும் வெளியே போய்விடுவீர்கள், ஐரோப்பாவில் இருக்க வேண்டுமானால் பிரிட்டனோடு இருங்கள்" என்பதாகும். இதைக் கேட்டு ஓட்டுப் போட்டவர்கள் பலர். ஆனால், இரண்டு வருஷம் ஆவதற்குள் நடந்தது என்ன? 2016 ஜூன் 23-ந் தேதி, ஐரோப்பிய யூனியனில் இருப்பதா விலகுவதா என்று பிரிட்டன் முழுவதும் ஓட்டெடுத்தார்கள். ஸ்காட்லாந்தில் 100-க்கு 62 பேர் இருக்க வேண்டும் என்றார்கள். அங்குள்ள 32 ஸ்தல நிர்வாகப் பகுதிகளில் ஒன்றுகூட விலகச் சொல்லவில்லை. ஆனால் பிரிட்டன் முழுமைக்கும் 100-க்கு 52 பேர் விலக வேண்டும் என்றதால், 2020 ஜனவரி 31-ந் தேதி ஸ்காட்லாந்தும் சேர்ந்து வெளியே இழுக்கப்பட்டது.

தோழர்களே! கிணறு இருக்கிறது என்று காட்டி உங்களுக்கு ஒருவன் வீட்டை விற்கிறான். பத்திரம் முடிந்த இரண்டாம் வருஷம் அந்தக் கிணற்றைத் தூர்த்துவிடுகிறான். "இது என்ன நியாயம்?" என்று கேட்டால், "பத்திரம்தான் முடிந்துபோயிற்றே!" என்கிறான். ஒப்புவீர்களா?

மறுபடியும் ஜனங்களைக் கேட்க வேண்டும் என்று ஸ்காட்லாந்துக் கட்சிகள் சொல்லின. 2017-இல் பிரதம மந்திரி தெரேசா மே அம்மையார் இது சமயமல்ல என்றார். 2020-இல் போரிஸ் ஜான்சன் முடியாது என்றார். 2021 தேர்தலில், ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டின் 129 ஸ்தானங்களில் 72-ஐ, மறு ஓட்டு வேண்டும் என்ற இரண்டு கட்சிகள் பிடித்தன. அப்புறமும் கதவு திறக்கவில்லை. 2022 நவம்பர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, லண்டன் பார்லிமெண்டு அனுமதியில்லாமல் ஸ்காட்லாந்து தானாக ஓட்டெடுக்கச் சட்டம் செய்ய முடியாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. நான் நீதிபதிகளைக் குறை சொல்லவில்லை. 1998 சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படித்தார்கள். பூட்டுப் போட்டவனிடமே சாவியும் இருக்கும்படி சட்டம் எழுதியதுதான் குற்றம்.

இனி எதிர்க்கட்சியாரின் வாதங்களைப் பார்ப்போம். "தலைமுறைக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு என்று பிரிவினைத் தலைவர்களே 2014-இல் சொன்னார்களே?" என்கிறார்கள். சொன்னது வாஸ்தவம். சொன்னவர்கள் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்தான். ஆனால், ஒரு தலைவர் மேடையில் பேசிய பேச்சு அந்தத் தேசத்தார் எல்லோருடைய வாயையும் அடைத்துவிடுமா? 2014-இல் ஐந்து வயதுக் குழந்தையாயிருந்தவனுக்கு 2025-இல் பதினாறு வயதாகி, ஸ்காட்லாந்துத் தேர்தலில் ஓட்டும் வந்துவிட்டது. அவன் யாருக்கு எப்போது வாக்குறுதி கொடுத்தான்?

"ஜனங்கள் சொன்னதை மறுபடி கிளறலாமா?" என்கிறார்கள். ஐரோப்பியக் கூட்டில் இருக்கலாம் என்று 1975-இல் இதே பிரிட்டிஷ் ஜனங்கள் 100-க்கு 67 பேர் ஓட்டளித்தார்களே, அதை 2016-இல் கிளறியது யார்? இன்னொன்றும் சொல்லுகிறேன். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டசபை வேண்டுமா என்று 1979-இல் கேட்டபோது 100-க்கு 51 பேருக்கு மேல் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த ஓட்டர்களில் 100-க்கு 40 பேர் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு நிபந்தனை போட்டு வைத்திருந்தபடியால் அது செத்துப்போயிற்று. 1997-இல் மறுபடி கேட்டார்கள்; 100-க்கு 74 பேர் வேண்டும் என்றார்கள். இன்றைய ஸ்காட்லாந்துப் பார்லிமெண்டே இரண்டாந்தரம் கேட்டதால் பிறந்த பிள்ளை! இரண்டாந்தரம் கேட்பது பாவமானால் அந்தப் பார்லிமெண்டையே இடிக்க வேண்டியதுதான்.

"ஜெயிக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்பார்களே?" என்பது மூன்றாவது வாதம். இதில் உண்மை இருக்கிறது. வருஷா வருஷம் ஓட்டெடுத்தால் வியாபாரியும் தொழிலாளியும் எதை நம்பி வாழ்வார்கள்? ஆனால் கனடா தேசத்தைப் பாருங்கள். கியூபெக் மாகாணத்தில் 1980-இல் கேட்டார்கள், தோற்றார்கள். 1995-இல் மறுபடி கேட்டார்கள், சுமார் 54,000 ஓட்டில் தோற்றார்கள். அதற்குப் பின் முப்பது வருஷத்தில் மூன்றாந்தரம் கேட்கவில்லை. அங்கே கேட்கக்கூடாதென்று தடுத்த பூட்டு ஒன்றுமில்லை. ஜனங்களே போதும் என்றிருந்தார்கள்.

பிரிவினைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 ஜூலையில், தனி நாடு என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே போட்டுப் பொதுத் தேர்தலில் நின்ற உங்கள் கட்சி, 48 ஸ்தானத்திலிருந்து 9 ஸ்தானத்துக்கு விழுந்ததே! அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். என்றாலும் ஜனங்கள் உங்கள் சட்டைப்பைக்குள் இல்லை என்பது தெரிந்துவிட்டது. அன்றியும், தனி நாடானால் நாணயம் எது? உங்கள் சரக்கை அதிகமாக வாங்கும் இங்கிலாந்தோடு எல்லையில் சுங்கம் உண்டா? இவற்றைச் சொல்லிவிட்டு ஓட்டுக் கேளுங்கள். 2016-இல் போகுமிடம் சொல்லாமல் "விலகு" என்று மட்டும் ஓட்டு வாங்கிவிட்டு, எப்படி விலகுவதென்று மூன்றரை வருஷம் பார்லிமெண்டில் குத்துச்சண்டை போட்டதை உலகம் பார்த்தது.

அப்படியானால் என் அபிப்பிராயம் என்ன? பிரிவதா சேர்ந்திருப்பதா என்பதை ஸ்காட்லாந்துக்காரர் சொல்லட்டும். கேட்பதற்கு ஒரு விதி மட்டும் எழுத்தில் இருக்க வேண்டும். இது நடக்காத காரியமல்ல. இதே லண்டன் பார்லிமெண்டு 1998-இல் வட அயர்லாந்துக்கு எழுதி வைத்திருக்கிறது. அயர்லாந்தோடு சேர ஜனங்களில் பெரும்பாலோர் விரும்பக்கூடும் என்று தோன்றினால் மந்திரி ஓட்டெடுக்க வேண்டும். ஒரு தரம் எடுத்தால் 7 வருஷத்துக்குள் மறுபடி எடுக்கக்கூடாது. இதிலும் சாவி மந்திரி கையில் இருப்பது குறைதான். என்றாலும் விதி என்று ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு அதுவுமில்லை. இடைக்காலம் இத்தனை வருஷம், அதைக் கேட்டுத் தேர்தலில் ஜெயித்திருக்க வேண்டும், நிபந்தனைகள் முன்பே அச்சாகியிருக்க வேண்டும் என்று மூன்று வரி எழுதிவிட்டால், ஒருவரும் ஒருவர் காலில் விழ வேண்டியதில்லை.

தோழர்களே! 1929-இல் செங்கற்பட்டு மகாநாட்டில் நம் இயக்கத்தார் பெண்களுக்கு விவாகரத்து உரிமை வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அந்த உரிமையைக் கேட்ட போதெல்லாம் குடும்பமே சிதறிப்போகும் என்றார்கள் வைதிகர்கள். சட்டம் வந்தது. எல்லோரும் பிரிந்தா போனார்கள்? விலக உரிமையுள்ள வீட்டில்தான், இருப்பவள் தன் இஷ்டத்தால் இருக்கிறாள் என்று சொல்ல முடியும். கதவைப் பூட்டிவிட்டு, "என் மனைவி என்னை விட்டு எங்கும் போகமாட்டாள்" என்று பெருமை பேசுகிறவனைக் கண்டு சிரிக்கமாட்டோமா? ஒரு நாட்டுக்கும் இதுவேதான் நியாயம். 2014-இல் சேர்ந்திருப்போம் என்ற 20 லட்சம் பேருடைய ஓட்டுக்கு மதிப்பு வந்ததே, அவர்கள் வேறுவிதமாகவும் சொல்லியிருக்க முடியும் என்பதால்தான்.

நான் சொன்னேன் என்பதற்காக இதை நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் உங்கள் அறிவைக் கொண்டு யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் தள்ளிவிடுங்கள். அடுத்த வருஷம் வந்து மறுபடியும் என்னைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்போது நான் "போன வருஷமே முடிவாகிவிட்டது" என்று சொல்லமாட்டேன்.