வலிக்குப் படுக்கை மருந்தல்ல
(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்ல, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பல வருடங்கள் குனிந்து லெட்ஜர் எழுதிய அனுபவத்தோடும், படித்துத் தெரிந்துகொண்டதோடும் உங்கள் முன் நிற்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மில் பலர் பழவேற்காடு போய் இறாலும் நண்டும் வாங்கி வருகிறோம். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. ஆழம் குறைவு. அதனால் பல இடங்களில் கோல் ஊன்றித்தான் படகைத் தள்ள வேண்டும். அந்த வேலையில் தோளுக்கு ஓய்வே கிடையாது. ஈர வலையை இழுக்கும்போது பாரமெல்லாம் இடுப்பில் இறங்கும். கரைக்கு வந்தால் தரையில் உட்கார்ந்து, தலை குனிந்து வலையைச் சரிபார்க்க வேண்டும். அந்தப் பகுதி இருளர் பெண்கள் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். கழுத்து என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் கதை நேர் எதிர். லிப்ட், சோபா, செல்போன். ஆனாலும் வலிக்கிற இடங்கள் அதே கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால்தான். அவர்களுக்கு ஒரே அசைவு ஓயாமல் நடக்கிறது. நமக்கோ அசைவே இல்லை.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2020-ல் உலகில் சுமார் 61.9 கோடி பேருக்கு இடுப்பு வலி இருந்தது. இதில் பெரும்பாலானவை எலும்பு முறிவு, கட்டி போன்ற குறிப்பிட்ட நோயால் வருபவை அல்ல. நாள்பட்ட இடுப்பு வலிக்கு அந்நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றிய விளக்கத்தையும் அது பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. நாள் கணக்கில் படுத்திருந்தால் தசை தளர்ந்து, எழுந்திருப்பதே பெரும்பாடாகிவிடும்.

மீனவக் குடும்பத்தில் ஒரு நாள் ஓய்வு என்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. ஆகவே மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்க வேண்டிய கட்டாயம். வலி மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தினமும் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அதே மாத்திரை நம் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

முழங்காலுக்கு: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை. தொடைத் தசை பலமானால் மூட்டு படும் சிரமம் குறையும்.

இடுப்புக்கு: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். தினமும் நடங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன் என்பது 20 கிலோ. அதைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, உடம்பை ஒட்டிப் பிடித்துத் தூக்குங்கள்.

தோளுக்கு: சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். வலிக்கிறதே என்று கையை அசைக்காமல் வைத்திருந்தால் இன்னும் இறுகும். மேஜையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மறு கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல் ஆட்டுங்கள்.

பயிற்சியின்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாளும் வலி கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். இரண்டு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள்.

சில நேரங்களில் பயிற்சியே கூடாது. கால் மரத்துப்போதல் அல்லது பலமிழத்தல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல், வலியோடு காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், விழுந்தபின் வலி என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் 108-ஐ அழையுங்கள்.

இன்னொரு விஷயம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபி சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. பக்கவாதம் வந்து நடமாட முடியாமல் கிடப்பவர்களுக்கு இது பெரிய உதவி. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

நம் வீடுகளில் குனிந்து தரை துடைக்கும் அம்மாவுக்கும், இரவெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரும் வாட்ச்மேனுக்கும் இதைச் சொல்லுங்கள். நீளக் கைப்பிடி வைத்த மாப் ஒன்று வாங்கிக் கொடுங்கள். வாட்ச்மேன் நாற்காலியை மாற்றித்தர நம் சங்கமே முடிவு எடுக்கலாம். அடுத்த கூட்டத்தில் அதை முதல் பொருளாக வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.