பின்படிக் கதவின் பூட்டு
(மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆன்மீகமோ ஆரோக்யமோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப் போவது ஒரு பள்ளிக்கூடத்தின் குழாய், ஒயர், கதவு இவற்றைப் பற்றி. பொறுத்தருள வேண்டும்.

மத்திய ஸர்க்கார் உத்யோகத்திலிருந்து ரிடையர் ஆன பின், தில்லியில் ஒரு பள்ளியின் நிர்வாகக் கமிட்டியில் சில வருஷங்கள் கௌரவக் காரியதரிசியாக இருந்தேன். அங்கே எஸ்டேட் மானேஜராக இருந்தவர் ராணுவத்தில் சுபேதாராகப் பணியாற்றியவர். சுபேதார்ஜி என்றே எல்லோரும் அழைப்போம். பிரின்ஸிபாலையும் ஆசிரியைகளையும் பெற்றோருக்குத் தெரியும். இவரைத் தெரியாது. இவர் வேலை ஒழுங்காக நடந்தால் பள்ளியில் ஒரு விபரீதமும் நடக்காது. நடக்காத ஒன்றை யார் கவனிப்பார்கள்?

காலை ஆறு மணிக்கு, பஸ்கள் வருமுன், கையில் ஒரு நோட்டுடன் கிளம்புவார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்கின் மூடியைப் பார்த்தார். பிறகு கீழே வந்து, கடைக்கோடிக் குழாயில் நீர் பிடித்து, குளோரின் சோதனை மருந்தைச் சில சொட்டு விட்டார். இளமஞ்சள் நிறம் வந்தது. குளோரின் கலந்த குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். நான் கெமிஸ்ட்ரி படித்தவன். "டேங்கிலேயே பார்த்தால் என்ன?" என்று கேட்டேன். "குழந்தை டேங்கிலா குடிக்கிறது, ஸாப்?" என்றார். என் பி.எஸ்ஸி.யில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்து வாட்டர் கூலர். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச் அதற்கு உண்டு. அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று பார்த்தார். கோடைக்கால ஏர் கூலர்களை வாரம் ஒரு முறை காலி செய்து தேய்த்துக் காய வைப்பார். டெங்கு கொசுவின் முட்டை முழுக் கொசுவாக வளர ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதற்கு முன் முந்திக்கொள்ள வேண்டுமே.

இனி என் தவற்றைச் சொல்கிறேன்.

பின்பக்க மாடிப்படியின் கீழ்க் கதவு தெருவை ஒட்டியிருந்தது. பித்தளைக் குழாய்கள் களவு போயின. அந்தக் கதவை எந்நேரமும் பூட்டி வைக்க உத்தரவு போட்டேன். "பள்ளி நடக்கும்போது பூட்டக் கூடாது, ஒரு வாட்ச்மேன் கொடுங்கள்" என்று சுபேதார்ஜி எழுதினார். அதன்மேல் "பார்த்தேன். நிதி இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் பார்த்த கை, தயங்கவே இல்லை.

ஒரு ஜனவரி மாதக் காலை. முன்படிக்கட்டின் கீழிருந்த மெயின் ஸ்விட்ச்போர்டில் ஏதோ ஒரு இணைப்பு தளர்ந்து, சூடேறி, ஒயர் உருகிப் புகை மேலே ஏறியது. இரண்டாம் மாடியில் சின்ன வகுப்புகள். வீட்டிற்குத் தகவல் வந்து ஓடினேன். வழியெல்லாம் அந்தப் பூட்டு ஒன்றே நினைவில்.

போய்ப் பார்த்தால் குழந்தைகள் மைதானத்தில் வரிசையாக நிற்கிறார்கள். ஆசிரியைகள் ஆஜர் எடுக்கிறார்கள். எல்லோரும் பின்படி வழியாக வந்துவிட்டார்கள்! சுபேதார்ஜி தினமும் முதல் மணிக்கு முன் பூட்டைத் திறந்து, கடைசிக் குழந்தை போன பின்பே பூட்டியிருக்கிறார். வாட்ச்மேன் இல்லாத குறைக்குத் தன் மேஜையையே அந்தக் கதவருகே போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். மாதக்கணக்காக நான் அதைக் கவனிக்கவில்லை.

"உத்தரவை மீறிவிட்டேன், ஸாப். மெமோ கொடுங்கள்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. மறுநாள் உத்தரவை ரத்து செய்தேன். வாட்ச்மேனுக்கு நிதியும் கிடைத்தது, தேடினால் கிடைக்கிறது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீ கொண்டுபோனதை நாம் யாரும் மறக்கவில்லை. அதை ஒட்டிய வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் தீத்தடுப்பு ஏற்பாடுகள் இருக்க வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் 2025 ஜூலையில் ராஜஸ்தான் ஜாலாவார் மாவட்டத்தில் பள்ளிக் கட்டிடம் இடிந்து 7 குழந்தைகள் மாண்டனர். சட்டம் இருந்தால் போதாது. காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அவர் எழுதியதை மதித்துப் படிக்க மேலே இன்னொரு ஆள் வேண்டும்.

நம் அங்கத்தினர்களில் பலர் பல ஊர்களில் பள்ளி, பாடசாலை, ஹாஸ்டல், கல்யாண மண்டப நிர்வாகத்தில் இருக்கிறீர்கள். ஊருக்குத் திரும்பியதும் பின்பக்கக் கதவு பகலில் திறந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பராமரிப்பு பார்ப்பவரைப் பெயர் சொல்லி விசாரித்து, அவர் நோட்டை வாங்கிப் படியுங்கள். "பார்த்தேன்" என்று எழுதுமுன், தயவுசெய்து உண்மையிலேயே பார்த்துவிடுங்கள்.